பொடி வேறு, கொட்டை வேறு

அக்டோபர் 6, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரில இருந்து நேத்து வந்து சேந்தோம். புள்ளைக்கு என்ன குடுத்தேன், வலிப்பு எப்ப வந்துதுன்னு குறிக்க அங்க ஒரு சார்ட்டு குடுத்திருக்காங்க. அது டயட்டீஷியன் ஜெனிஃபர் மேடத்துக்கு. இது எனக்கு. அந்தக் கட்டத்துக்குள்ள நான் ஊர்ப்பட்ட பேரத் திட்டறதையெல்லாம் எழுத முடியுமா?

தன்யாவுக்கு எட்டு வயசு. மருந்து மேல மருந்து மாத்திப் பாத்தாச்சு, வலிப்பு நின்ன பாட்டக் காணோம். கடைசியா இந்தச் சாப்பாடு. சோறு இல்ல, இட்லி இல்ல, பழம் இல்ல, சர்க்கரை கண்ணுலயே காட்டக் கூடாது. வெண்ணெய், தேங்காயெண்ணெய், கிரீம், முட்டை, துளியூண்டு காய். அதுவும் தராசுல வெச்சு, மேடம் எழுதிக் குடுத்த அளவுக்கு ஒரு பொட்டு கூடாம. மாவுச்சத்து போகாம ஒடம்பு கொழுப்ப எரிக்க ஆரம்பிச்சா மூளை அடங்கும்னார் டாக்டர். அதோட ஒரு மாத்திரையையும் மாத்தி எழுதினார். "எல்லாக் கொழந்தைக்கும் கேக்காதும்மா, பாக்கலாம்"னார். எம்புள்ளைக்குக் கேக்கும்.

தினமும் ஒன்னுக்குல ஒரு பட்டைய நனைச்சுப் பாக்கணும். கத்திரிப்பூ நிறத்துக்கு வந்தா ஒடம்பு சரியான வழியில போகுதுன்னு அர்த்தம். வெளுத்திருந்தா எங்கியோ சர்க்கரை உள்ள போயிருக்குன்னு அர்த்தம். இன்னைக்கு நல்ல கத்திரிப்பூ.

பொழுதோட தன்யா வந்து கேட்டா: "ஏனுங்கம்மா, நம்ம தோட்டத்துலதான சாக்லேட் காய்க்குது? அது சாப்பிடலாங்களா?"

ஆனைமலையில தென்னைக்கு ஊடால கோக்கோ போட்டிருக்கற வீட்டுப் புள்ள. கேக்காம என்ன பண்ணும்?

அக்டோபர் 8, புதன்

மேடத்துக்குப் போன் போட்டேன். சாக்லேட் பண்ணித் தரலாமாம்! ஆனா அந்தம்மா ஒரு பாடமே எடுத்துட்டாங்க.

கடையில விக்கற கோக்கோப் பொடி, கொட்டைய வறுத்து அரைச்சு, அதுல இருக்கற வெண்ணெயப் பிழிஞ்சு எடுத்துட்டு மிஞ்சின சக்கை. கொழுப்பு போயிட்டதால அதே எடைக்கு மாவுச்சத்து தூக்கலா நிக்கும். நம்ம கொட்டைய வீட்டுலயே முழுசா அரைச்சா பாதிக்குப் பாதி வெண்ணெய் அதுலயே இருக்கும், மாவுச்சத்து அந்தளவுக்கு வராது. "ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணப் போட்டுறாதீங்க கலாமணி, எனக்குப் போன் பண்ணிட்டு மாத்துங்க"ன்னாங்க. பால்ல கலக்கற சாக்லேட் பொடி டப்பா இருக்கே, அது பக்கமே போகக் கூடாதாம். அதுல கோக்கோ பேருக்குத்தான், மிச்சமெல்லாம் சர்க்கரை.

இத்தன வருசமா கோக்கோ வித்துப் பொழைக்கறோம். இது ஒண்ணும் தெரியாம இருந்திருக்கேன் பாரு.

அக்டோபர் 11, சனி

கடைப் பொடியில பண்ணினேன். இனிப்பு போடாத பொடி, கிரீம், வெண்ணெய், மேடம் சொன்ன சர்க்கரை இல்லாத இனிப்புச் சொட்டு. ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்துக் குடுத்தேன். கண்ண மூடிட்டு முழுங்கினா. நான் வாயில வெச்சுப் பாத்தேன், வேப்பங்கொழுந்து தேவலாம்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லாருக்குதுங்கம்மா."

அக்டோபர் 13, திங்கள்

வலிப்பு இல்ல. எழுதவே பயமா இருக்குது, கண்ணு பட்டுருமோன்னு.

அக்டோபர் 16, வியாழன்

நம்ம கொட்டையிலயே பண்ணிட்டேன்! போன அறுப்புல காயவெச்சது தோட்டத்துச் சாளைக் கொட்டகையில ஒரு டின்னுல இருந்துச்சு. இரும்புச் சட்டியில வறுத்து, மொறத்துல பொடச்சுத் தொலி நீக்கி, மிக்சியில விட்டு விட்டு அரைச்சேன். மொதல்ல மாவாட்டம் இருக்குது, அப்புறம் தன்னாலயே வெண்ணெய் விட்டுக் கொழகொழன்னு வந்துருது. வீடே மணக்குது. கடைப் பொடி கிட்ட வர முடியாது. மேடம் இதுக்குத் தனிக் கணக்குப் போட்டுக் குடுத்தாங்க, வெண்ணெயக் கொறைச்சுட்டோம்.

தன்யா விரல்ல வழிச்சு நக்கினா. நக்கினதையும் எடையில சேக்கணுமேன்னு எனக்கு ஒரு பக்கம் பதறுது. அதச் சொன்னதுக்கு இவர், "உடு கலா, புள்ள மூஞ்சியப் பாரு"ன்னார். மூஞ்சியப் பாத்தா ஆகுமா? தராசு மூஞ்சியப் பாக்குமா?

இவர்னா எங்க வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. கோவமே வராத மனுசன். வீட்டுக்கு ஒருத்தராவது கடுகடுன்னு இருந்தாத்தான் காரியம் நடக்கும், அந்த வேல எனக்கு.

அக்டோபர் 19, ஞாயிறு

சாளையில கோக்கோக் காய் ஒடைக்கறாங்க. தோட்டத்து வேலைக்கு வர்ற மாரக்கா கட்டையில ஒரு தட்டுத் தட்டினா காய் ரெண்டாப் பொளக்குது, உள்ள வெள்ளைச் சதையோட கொட்டை கொத்தா இருக்குது. தன்யாவும் அவங்கப்பன் பக்கத்துல சின்னக் கூடைய வெச்சுட்டு ஒக்காந்துக்கறா. அவ சாக்லேட்டுக்கு அவளே கொட்டை எடுத்து வெக்கறாளாம். வீட்டுல மொகத்தத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்கறதுக்கு அது மேல்னு விட்டுட்டேன். திரும்பி வரும்போது வாயெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. சளி ஒழுகியிருக்கும்னு முந்தானையில தொடச்சு விட்டேன்.

நாளைக்குத் தீபாவளி. இந்த வீட்டுல பலகாரம் கெடையாதுன்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

சொன்னா யாரு கேக்கறாங்க? பெங்களூர்ல இருந்து நங்கை வந்தாங்க. இவரோட அக்கா, ருக்குமணி. கையில ஒரு பாக்கெட்டு. "இது கோக்கோ இல்ல கலா. கக்காவோன்னு சொல்லணும். வறுக்காத பச்சைக் கொட்டையில பண்ணினது. சூடு பண்ணாததால சத்து அப்படியே இருக்கும். அங்கெல்லாம் டயட்ல இருக்கறவங்க இதத்தான் சாப்பிடறாங்க."

தன்யா "கக்காவா!"ன்னு வாயப் பொத்திட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

அப்புறம் பாக்கெட்டத் திருப்பிப் பாத்தேன். பொடி எழுத்துல, தென்னஞ்சர்க்கரை சேத்ததுன்னு போட்டிருக்குது. சிரிப்பெல்லாம் போச்சு. பேர மாத்திப் போட்டா சர்க்கரை ஓடிப் போயிருமா? தென்னையில வந்தா அது சர்க்கரை இல்லாமப் போயிருமா? அதையே கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்துருச்சு. தீபாவளிக்கு வந்த ஒறம்பரை எல்லாம் இருந்தாங்க. நங்கை கண்ணுல தண்ணி வெச்சுட்டாங்க. "நானும் அந்தப் புள்ளைக்காகத்தானே கொண்டு வந்தேன்"னாங்க.

பாக்கெட்ட அடுப்புல போட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வந்துருச்சு.

பல் தேச்சுட்டு இருந்தவ அப்படியே சாஞ்சா. கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு சாமி, சாமின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எந்தச் சாமியன்னு எனக்கே தெரியல.

பட்டைய நனைச்சுப் பாத்தேன். வெளுத்துப் போயிருந்துச்சு.

அக்டோபர் 28, செவ்வாய்

மறுபடி ரெண்டு தடவை. பட்டை வெளுப்பு. யாரோ எதையோ குடுத்திருக்காங்க. என் தராசுல தப்பில்ல, மூணு தடவை சரி பாத்துட்டேன்.

நங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன்: "நான் அடுப்புல போடறதுக்கு முன்ன பாக்கெட்டுல இருந்து எடுத்து எங்களுக்குத் தெரியாம புள்ளைக்குக் குடுத்தீங்களா?" "எம் மருமகளுக்கு நான் வெசம் வெப்பேனா கலா?"ன்னு கேட்டுப் போன வெச்சுட்டாங்க. வெச்சாத் தப்புப் பண்ணலன்னு ஆயிருமா?

பள்ளிக்கூடத்தையும் நிறுத்திட்டேன். அங்க எந்தப் புள்ள எதத் தருதோ. சமையலறைக்குப் பூட்டுப் போட்டாச்சு, சாவி என் தாலிக்கொடியில.

நவம்பர் 2, ஞாயிறு

"அம்மாகிட்டச் சொல்லு சாமி, யாரு என்ன குடுத்தாங்க?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலீங்கம்மா."

"சொல்லு."

"திங்கலீங்கம்மா."

கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போயிருச்சு. கை லேசாப் பட்டுருச்சு. இவர் வந்து புள்ளையத் தூக்கிட்டுச் சாளைக்குப் போயிட்டார், பொழுது சாஞ்சுதான் வந்தாங்க.

நவம்பர் 5, புதன்

தன்யா எடுத்து வெச்ச கொட்டையத் தனியாப் புளிக்க வெச்சிருந்தேன், காயவெக்கறதுக்கு முன்னால அப்படித்தான் பண்ணணும். பெரிய பொட்டியில புளிக்கற மத்த கொட்டை, கைய விட்டா அனலாட்டம் சுடுது. இவ கூடை மட்டும் குளுந்து கெடக்குது. அந்த வெள்ளைச் சதை புளிச்சாத்தான் சூடே ஏறும். இவ கொட்டையில சதையவே காணோம், வழிச்சு எடுத்தாப்பல இருக்குது. புளிக்காத கொட்டையில பண்ணினா மணமும் வராது, துவர்ப்புத்தான்.

மாரக்காகிட்டக் கத்தினேன், கழுவிக் கிழுவி வெச்சிட்டியான்னு. அவ குனிஞ்சுக்கிட்டே, "அணில் நக்கியிருக்குமுங்க"ன்னா. இவர், "கொஞ்சமா இருந்தாச் சூடேறாது கலா"ன்னார். ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல.

அணிலுக்குக் கூட எங்க மேல எரக்கம் இல்ல.

நவம்பர் 9, ஞாயிறு

அணிலாம்.

மத்தியானம் தயிர் ஒறைக்குப் போட்டுட்டு, தென்னைக்கு ஊடால குறுக்க நடந்து சாளைக்குப் போனேன். வழக்கமா நான் அந்த நேரத்துக்குப் போறதில்ல. இவர் சாளை வாசல்ல நின்னுட்டு, வரப்பையே பாத்துட்டு இருந்தார். என்னக் கண்டதும் மூஞ்சி செத்துப் போச்சு. அவர் முதுகுக்குப் பின்னால தன்யா. செவுத்தப் பாத்து ஒக்காந்து, மடியில ஒடைச்ச காய வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கொட்டையா வாயில போட்டுச் சப்பிச் சப்பிக் கூடையில போட்டுட்டு இருக்குது. அந்தச் சதை கல்கண்டாட்டம் இனிக்கும். நானும் சின்னதுல சப்பினவதான். கொட்டை கசக்கும், கடைப் பொடி கசக்கும், வறுத்தாலும் கசக்கும்னு அதையே நெனச்சுட்டு இருந்தவளுக்கு, இந்தச் சதை இருக்கற நெனப்பே வரலியே. தோட்டக்காரி நான்!

"எத்தன நாளா?"

"தெனம் ஒரு காய்தான் கலா."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

அவர் அழுதார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர் அழுது பாத்ததில்ல. "பசிக்குதுப்பான்னு காலப் புடிச்சுட்டுக் கேக்கறா. நீ தர்ற வெண்ணெயத் தின்னுட்டு யாருக்கும் தெரியாம வாந்தி எடுக்கறா. உனக்குத் தெரியுமா? உங்கிட்டச் சொல்லப் பயமா இருக்குதுன்னா. எனக்கும்தான் பயமா இருந்துச்சு."

வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். புள்ளையக் கொல்லப் பாத்தீங்கன்னு கூடச் சொன்னேன். மாரக்கா காதப் பொத்திட்டு வெளிய போயிட்டா. தன்யா கூடைக்குள்ளயே பாத்துட்டு இருந்தா.

ஒண்ணு மட்டும் சொல்லணும். கோவத்துக்குக் கீழ எனக்கு நிம்மதி. காரணம் கெடச்சுருச்சு. இனி நின்னுரும்.

நவம்பர் 10, திங்கள்

சாளைக்குப் பூட்டு. நங்கைக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும். நாளைக்குப் பண்ணலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

கத்திரிப்பூ! நல்ல அடர்த்தியா. நாலு நாளா வலிப்பு இல்ல. தன்யா போட்டதத் திங்கறா, ஒண்ணும் கேக்கறதில்ல. எது வேணும்னாலும் கேக்கறதில்ல. நல்ல புள்ளையாயிட்டா.

கோயிலுக்குப் போனேன். மாசாணியம்மனுக்குப் புடவை சாத்தறேன்னு வேண்டிட்டு வந்தேன்.

நவம்பர் 19, புதன்

வந்துச்சு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.

பட்டை கத்திரிப்பூ.

நவம்பர் 20, வியாழன்

பட்டை பழசாயிருக்கும். பொள்ளாச்சிக்கு இவர அனுப்பிப் புதுப் பாட்டில் வாங்கிட்டு வரச் சொன்னேன். அதுலயும் கத்திரிப்பூதான். தன்யா தூங்கும்போது அவ நகத்துக்குள்ள மோந்து பாத்தேன், கோக்கோ மணம் வருதான்னு. சோப்பு மணம்தான்.

நவம்பர் 24, திங்கள்

மூணு. கீழ விழுந்ததுல நாக்கக் கடிச்சுக்கிட்டா. வெண்ணெய் பட்டா எரியுது. சொல்லல, கண்ணுல தெரிஞ்சுது.

டிசம்பர் 2, செவ்வாய்

கோயமுத்தூர். தலையில ஒயர் எல்லாம் ஒட்டிப் பாத்தாங்க. ரத்தத்தப் பாத்தாங்க. டாக்டர் சார்ட்டப் பூராவும் படிச்சார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்ல"ன்னார். அந்தப் பேச்சுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"சாப்பாடு இவளுக்குக் கேக்கலம்மா. மெதுவா நிறுத்திரலாம்."

"இல்லீங்க டாக்டர், ஊடால பழச்சதையத் தின்னுட்டா. இவர்தான் குடுத்தார். அதனாலதானே கெட்டுது? மொதல்ல நல்லாக் கேட்டுச்சே."

"மொதல்ல கொறைஞ்சது மாத்திரைய மாத்தினதாலயும் இருக்கலாம். இப்ப சதை சாப்பிடல, ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கு, அப்பவும் வருது. சில கொழந்தைங்களுக்குக் கேக்காதும்மா. உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல."

நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அந்தச் சதைதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க டாக்டர்னு. அப்படின்னா திரும்ப ஆரம்பிக்கலாமே. அவர் இல்ல இல்லன்னுட்டார். ஜெனிஃபர் மேடம் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஏன் புடிக்கறாங்கன்னு எரிச்சலா வந்துச்சு.

இன்னொரு மருந்து இருக்காம், அதப் பாக்கலாமாம். அந்தப் "பாக்கலாம்" இந்தத் தடவை காதுல நல்லா விழுந்துச்சு.

கார்ல வரும்போது இவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாச் சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசல்ல வெளக்கு வெச்சேன். ஒருக்கா வலிப்பு.

டிசம்பர் 14, ஞாயிறு

மேடம் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாச் சோறு. மொதல்ல ரெண்டே கரண்டி. வட்டல்ல போட்டு வெச்சா, தொடாம ஒக்காந்திருக்கறா.

"சாப்பிடு சாமி."

"எடை போட்டீங்களாம்மா?"

அடுப்படிக்குப் போய்த் தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். எம்புள்ளையப் பட்டினி போட்டு, அடிச்சு, பள்ளிக்கூடத்த நிறுத்தி, அப்பனையும் புள்ளையையும் திருட்டுத்தனமாத் திங்க வெச்சேன். எதுக்கு? ஒண்ணுத்துக்கும் இல்ல. கேட்டிருந்தாலாவது எல்லாத்தையும் நியாயம்னு சொல்லிக்கலாம்.

கடைப் பொடி பாதி டப்பா மிச்சம் இருக்குது. அரைச்ச கொட்டை ஒரு கிண்ணம். எதுல எத்தன மாவுச்சத்துன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். யாரு கேக்கப் போறாங்க?

டிசம்பர் 27, சனி

நங்கைக்குப் போன் போட்டேன். எடுத்துட்டாங்க. அவங்க மூச்சு கேட்டுச்சு, என்னுது அவங்களுக்குக் கேட்டிருக்கும். கடைசியா, "புள்ள சாப்பிடுதா கலா?"ன்னாங்க. "சாப்பிடுதுங்க"ன்னேன்.

ஜனவரி 4, ஞாயிறு

சாப்பாட்டுக் கட்டுப்பாடு நேத்தோட முடிஞ்சுதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. புது மருந்துல தன்யா பாதி நேரம் தூங்கி வழியறா. வலிப்பு அது பாட்டுக்கு வருது. இன்னைக்குக் காலையிலயும் வந்துச்சு.

மத்தியானம் சாளைப் பூட்டத் தொறந்தேன். மரத்துல ரெண்டு மூணு காய் கடைசியா மஞ்சளாகி நின்னுச்சு. ஒண்ண நானே அறுத்து, நானே கட்டையில தட்டி ஒடைச்சேன். சதை வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. தன்யாவக் கூப்பிட்டு மடியில வெச்சேன்.

"தின்னு கண்ணு. எத்தன வேணும்னாலும் தின்னு. எடையெல்லாம் இல்ல. அம்மாதானே தர்றேன்?"

என் மூஞ்சியப் பாத்தா. அவங்கப்பனப் பாத்தா. இவர் தலைய ஆட்டினார். காய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு மெதுவாப் போனா. போய், அக்கட்டத் தள்ளி நிக்கற தென்னைக்குப் பின்னால, எங்களுக்கு முதுகக் காட்டி ஒக்காந்துக்கிட்டா.

எனக்குப் பொறுக்கல. பின்னாலயே போனேன். "ஏஞ்சாமி இங்க வந்து ஒக்காந்துட்ட? அங்க வந்து எங்களோட தின்னலாமே"ன்னேன்.

திடுக்குன்னு திரும்பினா. காயப் பாவாடைக்குள்ள மறைச்சா. வாயப் பொறங்கையில தொடச்சா. கன்னத்துல ஒரு கொட்டை உப்பிட்டு நிக்குது.

"ஒண்ணும் திங்கலீங்கம்மா."

"சரி கண்ணு"ன்னேன். அவளுக்கு முதுகக் காட்டித் திரும்பி, யாராவது வர்றாங்களான்னு பாக்கற மாதிரி வரப்பப் பாத்து நின்னுக்கிட்டேன். அப்புறம்தான் பின்னால சப்பற சத்தம் கேட்டுச்சு.